டாலர் 90 ரூபாய் ஆச்சு, ஆனா உங்க மலேசியா டிரிப் செலவை ஏத்தினது டாலர் மட்டும் இல்லை

2025 டிசம்பர் முதல் வாரத்துல ஒரு டாலர் 90 ரூபாயைத் தாண்டுச்சு. அன்னையிலிருந்து என்கிட்ட வர்ற கேள்வி எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். "ஃபாரின் டிரிப் பிளான் பண்ணியிருந்தோம், தள்ளிப் போடலாமா?" நான் திருப்பிக் கேட்கிற முதல் கேள்வி, "எந்த நாட்டுக்கு?"

பதில் பெரும்பாலும் அமெரிக்கா இல்லை. தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர், வியட்நாம், பாலி, துபாய், இலங்கை. முப்பது வயசுக்குள்ள இருக்கிற, மாசச் சம்பளம் வாங்குற நம்ம ஆளுங்க முதல் தடவை பாஸ்போர்ட்டை எடுக்கிறது பெரும்பாலும் இந்த ஊர்களுக்குத்தான். இந்த ஊர்ல எதுலயும் நீங்க டாலர்ல டீ குடிக்கப் போறதில்லை. ஆனா டிவியில, வாட்ஸ்அப்ல, ஆபீஸ் கேன்டீன்ல பேசுறது முழுக்க டாலர் ரேட்தான். அதனால பட்ஜெட்டும் டாலரைப் பார்த்தே போடுறோம். தப்பு இங்கதான் ஆரம்பிக்குது.

ஒரு சின்னக் கணக்கு பார்ப்போம். 2024 பிப்ரவரியையும் 2025 டிசம்பரையும் எடுத்துக்குவோம். ரெண்டு வருஷம்கூட முழுசா இல்லை. டாலர் சுமார் 83 ரூபாயிலிருந்து 90-க்குப் போயிருக்கு. அதாவது எட்டரை சதவீதம். இதே காலத்துல மலேசிய ரிங்கிட் சுமார் 17 ரூபாய் 30 பைசாவிலிருந்து 22 ரூபாய்க்குப் போயிருக்கு. 27 சதவீதம்! தாய்லாந்து பாட் 2 ரூபாய் 30 பைசாவிலிருந்து 2 ரூபாய் 80 பைசாவைத் தாண்டியிருக்கு, 22 சதவீதம். சிங்கப்பூர் டாலர் 62-லிருந்து 70 கிட்ட. யூரோ 90-லிருந்து 105 கிட்ட.

இப்ப இன்னொரு பக்கம். 100 ஜப்பான் யென் 55 ரூபாயிலிருந்து 58-க்குத்தான் வந்திருக்கு. வியட்நாம் டாங்? ஒரு ரூபாய்க்கு 295 கிடைச்சது, 2025 டிசம்பர்ல 290 சொச்சம். ஏறக்குறைய அசையவே இல்லை. இந்தோனேசிய ரூபியாவும் அப்படித்தான், பாலி போறவங்களுக்கு ரெண்டு சதவீதம் வித்தியாசம் வந்தா அதிகம்.

ஆக, ரூபாய் பலவீனமாயிடுச்சுன்னு சொல்றது பாதி வாக்கியம்தான். யாரை வெச்சு பலவீனம்? அதைச் சொன்னாத்தான் வாக்கியம் முடியும்.

ரிங்கிட் ஏன் இவ்ளோ ஏறுச்சு?

ரெண்டு விஷயம் ஒண்ணா நடந்தது. ஒண்ணு, ரூபாய் விழுந்தது. 2025-ல வெளிநாட்டு முதலீட்டாளர்கள் நம்ம பங்குச் சந்தையிலிருந்து நிறைய பணத்தை எடுத்தாங்க. ஆகஸ்ட் 27-லிருந்து அமெரிக்கா இந்தியப் பொருட்கள் பலதுக்கு 50 சதவீதம் வரை வரி போட்டுச்சு. இதெல்லாம் டாலர் தேவையைக் கூட்டுச்சு. ரெண்டாவது, ரிங்கிட் அதே சமயத்துல எழுந்தது. 2024 பிப்ரவரியில ஒரு டாலருக்கு 4.80 ரிங்கிட்டுன்னு, 1998-க்கு அப்புறம் பார்க்காத அடிமட்டத்துல அது இருந்தது. 2025 டிசம்பர்ல 4.10 கிட்ட வந்துடுச்சு. நம்மது இறங்குது, அவங்களது ஏறுது. ரெண்டு மாடிப்படியும் எதிரெதிர் திசையில நகர்ந்தா நடுவுல இடைவெளி எப்படி இருக்கும்? அதுதான் அந்த 27 சதவீதம்.

இதுல ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கு. மலேசியா 2023 டிசம்பர்லயிருந்துதான் இந்தியர்களை 30 நாள் விசா இல்லாம வரவிட்டது. உடனே நம்ம ஆளுங்க கூட்டம் கூட்டமா போய், "இவ்ளோதான் செலவு மக்களே"ன்னு வீடியோ போட்டாங்க. அவங்க பொய் சொல்லல. ஆனா அந்த வீடியோ எல்லாம் ரிங்கிட் அடிமட்டத்துல இருந்தப்போ எடுத்தது. நீங்க அதைப் பார்த்து பட்ஜெட் போட்டா, கோலாலம்பூர்ல மூணாவது நாள் கையைப் பிசைஞ்சுட்டு நிப்பீங்க. டிராவல் வீடியோ பார்க்கும்போது முதல்ல அது எந்தத் தேதியில போட்டதுன்னு பாருங்க. அதுல சொல்ற விலையை அந்த ஊர்ப் பணத்துல குறிச்சுக்கோங்க, ரூபாயில இல்லை. 12 ரிங்கிட் நாசி லெமாக் இன்னைக்கும் 12-லிருந்து 14-க்குள்ளதான் இருக்கும். ஆனா அவர் சொன்ன 207 ரூபாய் 2025 டிசம்பர் ரேட்ல 264 ரூபாய்.

மொத்த டிரிப்பும் 27 சதவீதம் ஏறிடுச்சா?

இல்லை. இங்கதான் பலர் தேவையில்லாம பயப்படுறாங்க. உங்க டிரிப் செலவுல எவ்ளோ பங்கு வெளிநாட்டுப் பணத்துல போகுதோ, அந்தப் பங்கு மட்டும்தான் நேரா ஏறும்.

உதாரணத்துக்கு ஒரு குடும்பம்: நீங்க, அம்மா, அப்பா. கோலாலம்பூர், பினாங்கு, 5 ராத்திரி 6 பகல். மூணு பேர் தங்குற ஒரு ரூம் ராத்திரிக்கு 260 ரிங்கிட்னு வெச்சா 1,300. சாப்பாடு ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 ரிங்கிட்னா 900. கிராப், ரயில், பினாங்கு பஸ் எல்லாம் சேர்த்து 450. டிக்கெட், நுழைவுக் கட்டணம் 350. சிம் கார்டு, சொந்தக்காரங்களுக்கு வாங்குறது, கைச்செலவு 500. மொத்தம் 3,500 ரிங்கிட். இதுல வெளிநாட்டவங்களுக்கான சுற்றுலா வரி ஒண்ணு இருக்கு, ஒரு ரூமுக்கு ஒரு ராத்திரிக்கு 10 ரிங்கிட். நீங்க ஆன்லைன்ல ரூமுக்கு முழுப் பணம் கட்டியிருந்தாலும் இதைப் பெரும்பாலும் ஹோட்டல் கவுன்டர்லதான் தனியா கேட்பாங்க. 5 ராத்திரிக்கு 50 ரிங்கிட், கைச்செலவுல அதையும் சேர்த்துக்கோங்க.

பழைய ரேட்ல 3,500 ரிங்கிட் 60,550 ரூபாய். 2025 டிசம்பர் ரேட்ல 77,000 ரூபாய். வித்தியாசம் 16,450. சென்னையிலிருந்து போய்வர விமான டிக்கெட் ஆளுக்கு 20,000 ரூபாய்னு எடுத்துக்கிட்டா 60,000. டிக்கெட்டை ரெண்டு காலத்துக்கும் ஒண்ணாவே வெச்சா மொத்தச் செலவு 1,20,550-லிருந்து 1,37,000 ஆகுது. பதிமூணரை சதவீதம்தான். ரிங்கிட் 27 ஏறினாலும் டிரிப் அதுல பாதிதான் ஏறியிருக்கு.

டிக்கெட் ரூபாயில வாங்குறோமே, அது ரூபாய் விழுந்தா ஏறாதான்னு கேட்பீங்க. ஏறும், ஆனா மெதுவா, மறைமுகமா. விமான கம்பெனிகளுக்கு விமான வாடகை, பராமரிப்பு, எரிபொருள் எல்லாமே டாலரோட கட்டப்பட்ட செலவு. 2025 ஜூலை - செப்டம்பர் காலாண்டுல இண்டிகோ சுமார் 2,580 கோடி ரூபாய் நஷ்டம் காட்டுச்சு. நாணய மாற்றத்தோட பாதிப்பை மட்டும் எடுத்துவிட்டா அதே காலாண்டு சின்ன லாபம். இந்தச் சுமை என்னைக்காவது டிக்கெட் விலையில வரத்தான் செய்யும். ஆனா எந்த வாரத்துல, எந்த ரூட்ல வரும்னு நாம கணிக்க முடியாது. போட்டி அதிகமா இருக்கிற ரூட்ல கம்பெனியே கொஞ்சம் தாங்கிக்கும். அதனால நான் அதை பட்ஜெட்ல தனியா சேர்க்கறதில்லை.

விசா கட்டணம் அப்படியில்லை, பளிச்னு தெரியும். ஐரோப்பா ஷெங்கன் விசா 2020 பிப்ரவரியில 80 யூரோ, அன்னைய ரேட்ல சுமார் 6,250 ரூபாய். 2024 ஜூன்ல கட்டணம் 90 யூரோ ஆச்சு. 2025 டிசம்பர் ரேட்ல 9,450 ரூபாய். கட்டணம் ஏறினது பன்னிரண்டரை சதவீதம், உங்க பாக்கெட்ல ஏறினது 50 சதவீதம். ரிஜெக்ட் ஆனா திரும்பியும் வராது.

எண்ணைப் பார்த்து ஏமாறாதீங்க

"ஒரு ரூபாய்க்கு 290 டாங் கிடைக்குது, வியட்நாம்ல நாம பணக்காரங்க"ன்னு ரீல்ஸ் ஓடுது. கேட்க நல்லா இருக்கு, அர்த்தம் இல்லை. அங்க ஒரு கிண்ணம் ஃபோ சூப் 50,000, 60,000 டாங். யென்னும் அப்படித்தான். 2025 டிசம்பர்ல ஒரு யென் 58 பைசாதான், அதுக்காக டோக்கியோ நமக்கு மலிவான ஊர் ஆகாது. ஒரு நாணயத்தோட ஒத்தை மதிப்பு பெருசா சின்னதான்னு பார்க்காதீங்க. போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் எவ்ளோ நகர்ந்ததுன்னு பாருங்க. அதைவிட முக்கியம், அந்த ஊர்ல ஒரு சாப்பாடு, ஒரு ராத்திரி ரூம், ஒரு ரயில் டிக்கெட் என்ன விலைன்னு பாருங்க.

ஜப்பான் கதை உண்மையிலேயே சுவாரசியம். 2020 ஜனவரியில டாலர் 71 ரூபாய், 100 யென் 65 ரூபாய். 2025 டிசம்பர்ல டாலர் 90. ஆனா 100 யென் 58 ரூபாய்தான். ரூபாய் டாலர்கிட்ட இவ்ளோ அடி வாங்கியும், யென் அதைவிட அதிகமா அடி வாங்கினதால, ஜப்பான் நமக்கு நாணய அளவுல மலிவாகியிருக்கு. "ரூபாய் விழுந்துடுச்சு, வெளிநாடே வேண்டாம்"னு முடிவெடுத்தவங்க இந்த அஞ்சு வருஷத்துல ஒரு நல்ல வாய்ப்பைக் கண்டுக்காமலே விட்டிருப்பாங்க.

துபாய்க்கு எதிர்க்கதை. திர்ஹம் 1997-லிருந்து டாலரோட 3.6725-ன்னு கட்டிப்போட்டது. டாலர் ஏறினா திர்ஹமும் அதே அளவு ஏறும், ஒரு பைசா தள்ளுபடி கிடையாது. மாலத்தீவுல ரிசார்ட்டுகள் டாலர்லயே பில் போடும். இந்த ரெண்டு இடத்துக்கும் மட்டும் டிவியில பார்க்கிற டாலர் ரேட்டை அப்படியே எடுத்துக்கலாம்.

நாணயத் தலைவலியே வேண்டாம்னா நேபாளம், பூட்டான். 1993-லிருந்து ஒரு இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய், மாறவே இல்லை. பூட்டானோட நுல்ட்ரம் நம்ம ரூபாய்க்குச் சரிசமம். பூட்டான்ல இந்தியர்களுக்கு ஒரு ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 1,200 ரூபாய் கட்டணம் உண்டு, அதை மறந்துடாதீங்க. நாலு ராத்திரி, மூணு பேருக்கு 14,400 ஆயிடும்.

"இன்னும் விழறதுக்குள்ள போயிடலாமா?"

என்கிட்ட ஐடிஆர் ஃபைல் பண்ற ஒரு தம்பி, 27 வயசு, சாஃப்ட்வேர் கம்பெனியில வேலை. அப்பா அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகிறார். அம்மாவுக்கு ரொம்ப நாளா பத்துமலை முருகனைப் பார்க்கணும்னு ஆசை. ரெண்டு பேரும் இதுவரைக்கும் விமானத்துல ஏறினதில்லை. "சார், ரூபாய் இன்னும் விழும்னு எல்லாரும் சொல்றாங்க. பேசாம ஒன்றரை லட்சம் பர்சனல் லோன் போட்டு இப்பவே கூட்டிட்டுப் போயிட்டு வந்துடட்டுமா? பேங்க் ஆப்புலயே ஆஃபர் வந்திருக்கு" அப்படின்னு கேட்டார்.

கேள்வியில இருக்கிற பயம் நியாயமானது. ஆனா பயத்துக்கு ஒரு விலை போட்டுப் பார்க்கணும்.

ஒன்றரை லட்சம், 14 சதவீத வட்டி, 12 மாசம். மாசத் தவணை சுமார் 13,470 ரூபாய். வருஷ முடிவுல வட்டி மட்டும் சுமார் 11,600. பிராசஸிங் கட்டணம் 2 சதவீதம், அதுக்கு மேல ஜிஎஸ்டி, 3,540. மொத்தம் 15,000 ரூபாய்க்கு மேல. இது நிச்சயமான செலவு.

ரூபாய் விழுந்தா என்ன ஆகும்? மலேசியச் செலவுல ரிங்கிட் பங்கு 77,000. அது இன்னும் 10 சதவீதம் ஏறினாலும் கூடுதல் செலவு 7,700. லோன் எடுத்தது லாபம்னு சொல்லணும்னா ரிங்கிட் 22-லிருந்து 26-ஐத் தாண்டணும். நடக்கவே நடக்காதுன்னு நான் சொல்லல, போன ரெண்டு வருஷத்துல அதைவிட அதிகமா ஏறினதைத்தானே மேல பார்த்தோம். ஆனா அது 26 வருஷ அடிமட்டத்துலயிருந்து கிளம்பின ஏற்றம். அதே வேகம் இன்னொரு தடவை, அதுவும் பத்து பதினொரு மாசத்துக்குள்ள வரும்னு நம்பி 15,000 ரூபாய் பந்தயம் கட்ட மாட்டேன்.

நீண்ட காலக் கணக்கு இன்னும் தெளிவு. 2014 ஜனவரியில டாலர் சுமார் 62 ரூபாய். 2025 டிசம்பர்ல 90. பன்னிரண்டு வருஷத்துல வருஷத்துக்கு சராசரியா 3 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல. அந்த ஊர் விலைவாசி ஒரு 2 சதவீதம் சேர்த்தா, தள்ளிப் போடுற டிரிப்போட வெளிநாட்டுச் செலவு வருஷத்துக்கு சுமார் 5 சதவீதம் ஏறும்னு வெச்சுக்கலாம். ரெக்கரிங் டெபாசிட்ல ஆறரை சதவீதம் கிடைச்சு, 20 சதவீத ஸ்லாப்ல வரி போனா கையில 5 சொச்சம் நிக்கும். அதாவது சேர்த்து வெச்சு போனா ரூபாயோட சரிவுக்கு ஈடு கொடுத்துடலாம். கடன் வாங்கிப் போனா ஈடு கொடுக்க முடியாது. அந்தத் தம்பி கட்டத் தயாரா இருந்த அதே 13,470-ஐ மாசாமாசம் சேர்த்தா பதினொரு மாசத்துல 1,48,000 வந்துடும், வட்டி இல்லாமலேயே.

ஆனா இந்தக் கணக்குல ஒண்ணு வராது. அவங்க அம்மாவுக்கு முட்டி வலி. பத்துமலையில 272 படி. "ரெண்டு வருஷம் கழிச்சு போகலாம்"னு சொல்றது எக்செல் ஷீட்ல சரியா இருக்கும், முட்டிக்கு சரியா இருக்காது. அதனால "அப்புறம் பார்க்கலாம்"ங்கிற அறிவுரையை நான் கொடுக்கல. ஏப்ரல்ல வர்ற போனஸையும் மாசச் சேமிப்பையும் சேர்த்து ஆகஸ்ட் தாண்டிப் போறதுன்னு முடிவு. பினாங்கை எடுத்துட்டு கோலாலம்பூர் மட்டும் நாலு ராத்திரின்னு குறைச்சதுல ரிங்கிட் செலவு ஆயிரத்துக்கு மேல மிச்சம். கேஎல் சென்ட்ரல்லயிருந்து பத்துமலைக்கு நேரா ரயில் இருக்கு. ரிங்கிட் எங்க போனாலும் அந்தப் படி ஏற டிக்கெட் கிடையாது.

ரேட்டை நாம மாத்த முடியாது, கட்டணத்தை மாத்தலாம்

ரூபாய் 90-ஆ 92-ஆன்னு ராத்திரி தூங்காம பார்க்கிற அதே ஆள், ஏர்போர்ட் கவுன்டர்ல 6, 7 சதவீதம் அதிகம் கொடுத்து கரன்சி வாங்குவார். எனக்கு இது புரியவே மாட்டேங்குது. கூகுள்ல 22 ரூபாய்னு காட்டுது, கவுன்டர்ல "நோ கமிஷன்"னு போர்டு வெச்சு 23 ரூபாய் 50 பைசாவுக்குத் தர்றாங்கன்னு வைங்க. அந்த ஒன்றரை ரூபாய்தான் கமிஷன். 3,500 ரிங்கிட்டுக்கு 5,250 ரூபாய். எந்தக் கடையிலயும் "கமிஷன் எவ்ளோ"ன்னு கேட்காதீங்க. "2,000 ரிங்கிட் வேணும், எல்லாம் சேர்த்து என் அக்கவுன்ட்லயிருந்து எவ்ளோ போகும்"னு கேளுங்க. நாலு இடத்துல கேட்டா யார் மலிவுன்னு தெரிஞ்சிடும். ஜிஎஸ்டி பத்திப் பயம் வேண்டாம். ஒரு லட்சம் வரைக்கும் மாத்துற தொகையில 1 சதவீதத்துக்குத்தான் 18 சதவீதம் வரி, குறைந்தபட்சம் 45 ரூபாய். 77,000-க்கு 139 ரூபாய்தான் வரும்.

கிரெடிட் கார்டுல வழக்கமா மூன்றரை சதவீதம் ஃபாரக்ஸ் மார்க்கப், அதுக்கு மேல ஜிஎஸ்டி, ஆக 4.13 சதவீதம். 77,000 ரூபாய்க்கும் தேய்ச்சா 3,180 ரூபாய். மார்க்கப் இல்லாத கார்டு, 2 சதவீதக் கார்டு எல்லாம் இப்போ கிடைக்குது. உங்க கார்டுல எவ்ளோன்னு கட்டண விவரத்துல பாருங்க, ரிவார்ட் பாயின்ட் பக்கத்துல இல்லை.

இதைவிடப் பெரிய பொறி ஒண்ணு இருக்கு. கடையில கார்டைத் தேய்க்கும்போது மெஷின் கேட்கும்: "ரிங்கிட்டா, இந்திய ரூபாயா?" நம்ம ஊர்ப் பணம்னா நமக்கு நல்லதுதானேன்னு விரல் ரூபாய்க்குத்தான் போகும். போகக் கூடாது. ரூபாய்னு அழுத்தினா அந்தக் கடையோட பேங்க் தன் இஷ்டத்துக்கு ஒரு ரேட் போடும். சில இந்திய பேங்குகள் அதுக்கு மேலயும் ஒரு கட்டணம் போடும். எப்பவும் அந்த ஊர்ப் பணத்தையே அழுத்துங்க. ஏடிஎம்-லயும் இதே கேள்வி வரும், இதே பதில்தான். 2025-ல தாய்லாந்து ஏடிஎம்-ல வெளிநாட்டுக் கார்டுக்கு ஒரு தடவைக்கு வழக்கமா 220 பாட் பிடிச்சாங்க, அதாவது 600 ரூபாய்க்கு மேல. நாலு தடவை ஆயிரம் ஆயிரமா எடுத்தா 880 பாட் கட்டணத்துலயே போச்சு. எடுக்கிறதா இருந்தா ஒரே தடவையா எடுங்க.

ஃபாரக்ஸ் கார்டு நல்ல கருவி, ரேட்டை அன்னைக்கே பூட்டிடலாம். ஆனா எல்லாக் கார்டுலயும் எல்லா நாணயமும் இருக்காது. டாலர் ஏத்தின கார்டை மலேசியாவுல தேய்ச்சா ரூபாய் டாலராகி, டாலர் ரிங்கிட்டாகி, நடுவுல இன்னொரு கட்டணம் போகும். வாங்கும்போதே "இதுல ரிங்கிட் இருக்கா"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. கரன்சி நோட்டா வாங்கணும்னா பாஸ்போர்ட், டிக்கெட் கேட்பாங்க, வழக்கமா பயணத்துக்கு 60 நாள் முன்னாடிக்குள்ளதான் தருவாங்க. அந்த ரெண்டு மாசத்துல மூணு தவணையா வாங்குங்க. சரியான நாளைப் பிடிக்கிறதுக்காக இல்லை, மோசமான ஒரே நாள்ல மொத்தத்தையும் வாங்காம இருக்கிறதுக்காக.

வரிக் கணக்குல சிக்கிக்கிற பணம்

2025-26 நிதியாண்டு விதிப்படி, வெளிநாட்டு டூர் பேக்கேஜ் வாங்கினா முதல் ரூபாயிலிருந்தே 5 சதவீதம் டிசிஎஸ் இருந்தது. 10 லட்சத்துக்கு மேல போன தொகைக்கு 20. அந்த விதிப்படி மூணு பேருக்கு ரெண்டு லட்ச ரூபாய் பேக்கேஜ்னா 10,000 ரூபாய் கூட வாங்கி அரசாங்கத்துக்குக் கட்டினாங்க. அது செலவு இல்லை, உங்க வரிக் கணக்குல நிக்கிற பணம். ஆனா டிரிப் போற மாசத்துல கையை விட்டுப் போற பணம்.

விமான டிக்கெட் மட்டும், இல்ல ஹோட்டல் மட்டும் தனியா வாங்கினா அது பேக்கேஜ் ஆகாது, டிசிஎஸ் இல்லை. ரெண்டையும் ஒரே ஆள்கிட்ட ஒண்ணா வாங்கினா அது பேக்கேஜ். ஃபாரக்ஸ் கார்டுல ஏத்துறதுக்கும், கரன்சி வாங்குறதுக்கும் வருஷத்துக்கு 10 லட்சம் வரை டிசிஎஸ் இல்லை. வெளிநாட்டுல இருக்கும்போது கிரெடிட் கார்டுல தேய்க்கிறது இந்தக் கணக்குலயே வராது. 2023-ல அதையும் சேர்க்கறதா அறிவிச்சு, அப்புறம் தள்ளி வெச்சுட்டாங்க.

அம்மா அப்பாவைக் கூட்டிட்டுப் போறவங்க ஒண்ணைக் கவனிங்க. பேக்கேஜை அப்பா பேர்ல, அப்பா பான் நம்பர்ல போட்டா டிசிஎஸ் அவர் கணக்குல போய் உட்காரும். அவர் ரிட்டர்ன் போடுற பழக்கமே இல்லாதவரா இருந்தா, இந்தப் பணத்துக்காகவே போடணும். பான் கொடுக்கலைன்னா டிசிஎஸ் ரேட்டே கூடும். பணம் கட்டுறது நீங்கன்னா உங்க பான் கொடுங்க. அப்பாவே தன் சேமிப்புலயிருந்து வெளிநாட்டுப் பயணத்துக்கு வருஷத்துல ரெண்டு லட்சத்துக்கு மேல செலவு பண்ணினா, வருமானம் வரி வரம்புக்குக் கீழ இருந்தாலும் அந்த வருஷம் அவர் ரிட்டர்ன் போட்டே ஆகணும். ரிட்டயர் ஆன நிறைய பேருக்கு இது தெரியாது.

டிசிஎஸ்ஸை வாங்கறதுக்கு அடுத்த வருஷ ரீஃபண்ட் வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2024 அக்டோபர்ல 12பிஏஏ-ன்னு ஒரு படிவம் வந்திருக்கு. பேக்கேஜ் கம்பெனி கொடுத்த டிசிஎஸ் விவரத்தை அதுல எழுதி உங்க ஹெச்ஆர்கிட்ட கொடுத்தா, மீதி மாசங்கள்ல சம்பளத்துல பிடிக்கிற வரியை அந்த அளவுக்குக் குறைச்சுப் பிடிப்பாங்க. ஜனவரியில இன்வெஸ்ட்மென்ட் ப்ரூஃப் கேட்டு மெயில் வரும் இல்லையா, அதோட சேர்த்துக் கொடுத்துடுங்க. கொடுக்கறதுக்கு முன்னாடி அந்தத் தொகை உங்க 26ஏஎஸ்-ல ஏறியிருக்கான்னு பார்த்துக்கோங்க, சில ஏஜென்ட்டுகள் பிடிச்சுட்டு தாக்கல் பண்ண லேட் பண்ணுவாங்க. புது வரி முறையில சம்பளம் 12.75 லட்சத்துக்குள்ள இருக்கிறவங்களுக்கு மட்டும் இந்த வழி உதவாது. உங்களுக்கு வரியே பிடிக்கிறதில்லை, அப்புறம் எதுல குறைப்பாங்க? நீங்க ஜூலைக்குள்ள ரிட்டர்ன் போட்டு ரீஃபண்டாத்தான் வாங்கணும். அதனால உங்க ரேஞ்சுல இருக்கிறவங்க பேக்கேஜை விட்டுட்டு டிக்கெட்டையும் ரூமையும் தனித்தனியா புக் பண்றது நல்லது. அந்த டிசிஎஸ் பணம் டிரிப்லயே உங்க கையில இருக்கும்.